மீதி நாடா

பதினோராம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சையில், விஞ்ஞானத் தாளில், ஒரு பெண் இப்படி எழுதியிருந்தாள்:

"திரவத்தில் மூழ்கிய பொருளின் எடை, அது வெளியேற்றிய திரவத்தின் எடை அளவுக்குக் குறைகிறது. கடைசி பெஞ்சு, அங்கன என்ன பேச்சு? இதுவே ஆர்க்கிமிடீஸ் தத்துவம். புரிஞ்சுதா?"

தாளாளர் தேவசுந்தரம் அதை உரக்கப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒண்ணு ரெண்டு இல்ல டீச்சர். கிளாஸ்ல பாதிப் பிள்ளைக கடைசி பெஞ்சைத் திட்டியிருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை ஜெயபாய்க்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. எதிரே நின்ற ஞானபாக்கியத்தின் முகத்தைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்தி, சிரிப்பை இருமலாக்கிக்கொண்டாள்.

ஞானபாக்கியம் பதில் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. கழுத்தைச் சுற்றிய வெள்ளைத் துணிக்குப் பின்னால் ஒரு துளை. மூச்சு போவதும் வருவதும் அது வழியாகத்தான். தொண்டையில் புற்று என்று சொல்லி வேலூரில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, சத்தம் போய்விட்டது. கையில் ஒரு சிலேட்டு இருந்தது.

இருபது வருஷமாகச் சங்கரன்கோவிலில் இதே பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் எடுத்தவள். தொண்டை கம்மியபோது சளி என்று நினைத்து மிளகுப் பாலைக் குடித்துக்கொண்டு கிடந்தாள். பிறகு டாக்டர் ஆபரேஷனுக்கு உடனே வரச் சொன்னார். இவளோ குரல் போவதற்குள் பாடங்களைப் பதிந்துவிட வேண்டும், காலாண்டு விடுமுறை முடியட்டும் என்று நின்றுகொண்டாள். பள்ளிக்கூட அலமாரியில் ஒரு டேப் ரிக்கார்டர் கிடந்தது. யாரோ வெள்ளைக்கார அம்மாள் கிறிஸ்துமஸ் பாட்டுப் பதிவதற்காகக் கொடுத்துவிட்டுப் போன பெட்டி. சாப்பாட்டுத் தட்டு அளவில் நாடா சுற்றிய ஒரே ஒரு ஸ்பூல். அதே மாதிரி இன்னொன்று திருநெல்வேலியில் தேடியும் அகப்படவில்லை. அதனால் பாட்டின் மேலேயே பாடத்தைப் பதிந்தாள். புதிதாகப் பேசப் பேச, பழையது தானாக அழிந்துகொண்டே போகும்.

அவள் கணவர் தேவதாசன் தாலுகா ஆபீஸில் கிளார்க். லீவு போட்டுவிட்டு வந்து பெட்டியை அவர்தான் ஓட்டினார். காலி வகுப்பறை. ஆனால் பிள்ளைகள் இல்லாமல் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. கண்ணை மூடினால் நாற்பது முகமும் எதிரே வந்து உட்கார்ந்தன. அதட்டலும் "புரிஞ்சுதா"வும் இருமலும் பாடத்தோடு பாடமாக நாடாவில் விழுந்தது அப்படித்தான்.

உடம்பு தேறி வந்ததும் பெட்டியை மேஜையில் வைத்து, அதன் பக்கத்தில் நின்று, போர்டில் படம் போட்டுக்கொண்டே பாடம் நடத்தினாள். அரையாண்டு முடியட்டும், பார்ப்போம் என்றுதான் தாளாளரும் விட்டிருந்தார். இப்போது பார்த்துவிட்டார்.

"டீச்சர், நீங்க வருத்தப்படக் கூடாது" என்றார். கடுமையில்லாத குரல். அதுவே அவளுக்குக் கடுமையாக இருந்தது. "லீவு முடிஞ்சதும் புது டீச்சர் வந்திரும். நீங்க லைப்ரரியைப் பாத்துக்கிடுங்க. பொதுப்பரீட்சை எழுதப்போற பிள்ளைகளை வச்சு நாம விளையாடக் கூடாதுல்லா?"

ஞானபாக்கியம் சிலேட்டில் எழுதி நீட்டினாள். 'கிறிஸ்துமஸ் லீவு விட ஒரு வாரம் இருக்கிறது. அதைக் கொடுங்கள்.'

"குடுத்தா என்ன செய்வீங்க?"

அவளுக்குத் தெரியவில்லை. சிலேட்டைத் துடைத்துவிட்டு அப்படியே நின்றாள். தாளாளர் ஜெயபாயைப் பார்த்தார். ஜெயபாய் சன்னலைப் பார்த்தாள்.

"சரி, ஒரு வாரம்" என்று எழுந்தார் அவர்.

வகுப்பில் தாள்களைக் கொடுத்ததும் ஒரே கூத்து.

"ஏட்டி, நீயுமாட்டி கடைசி பெஞ்சைத் திட்டியிருக்க? நீ இருக்கதே கடைசி பெஞ்சுதானட்டி!" என்று பேச்சித்தாய் சொல்ல, பக்கத்தில் இருந்த ஆவுடையம்மாள் தாளைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டாள். பேச்சித்தாய் மேலநீலிதநல்லூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், வாய்த்துடுக்கு. ஆவுடையம்மாள் நேர் எதிர். அட்டென்டன்ஸுக்கு 'உள்ளேன்' சொல்வதைத் தவிர அவள் குரலை யாரும் கேட்டதில்லை.

ஞானபாக்கியம் போர்டில் எழுதினாள். 'ஏன் இப்படி எழுதினீர்கள்?'

சிரிப்பு நின்றது. முன் பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "நீங்க சொன்னதுல ஒரு சொல்லுகூட விட்ருக்கூடாதுன்னு மனப்பாடம் பண்ணினோம் டீச்சர். இனிமே வேற கிடைக்காதுல்லா."

இருமல் வந்த இடத்தில் ஒருத்தி காற்புள்ளி போட்டிருந்தாள். ஞானபாக்கியம் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு திரும்பி எழுதினாள். 'தண்ணீரில் குறைந்த எடை எங்கே போனது?'

யாரும் எழவில்லை. அந்தப் பள்ளியில் ஒருத்தி மட்டும் தனியாக எழுந்து நின்றால், அவள் திட்டு வாங்கப்போகிறாள் என்று அர்த்தம். சேர்ந்து சொன்னால் பயமில்லை. எங்கோ ஒருத்தி வழக்கம்போலத் தொடங்கினாள். நாற்பது பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

"புரிஞ்சுது டீச்சர்!"

அவளுக்குச் சுரீரென்றது. இருபது வருஷமாக இந்தக் கோரஸைக் கேட்டுத்தான் பக்கத்தைப் புரட்டியிருக்கிறாள். இதற்குள் எத்தனை பேருக்குப் புரிந்தது, எத்தனை பேருக்குப் புரியவில்லை? கேட்கிறவள் அவளாக இருந்தும் கேட்கவே இல்லை.

மேஜையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள். காலி அறையில் அதன் முன்னால் உட்கார்ந்தபோது தனக்கு எந்தக் கூச்சமும் இல்லாமல் பேச்சு வந்தது நினைவுக்கு வந்தது. பிள்ளைகளுக்கும் வராதா? கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருத்தியும் தனக்குத் தெரிந்ததைப் பெட்டியிடம் சொல்லட்டும். அது திட்டாது, சிரிக்காது. பிறகு அவள் கேட்டுக்கொள்வாள்.

ஆனால் இருப்பது ஒரே ஸ்பூல்.

மத்தியானம் தேவதாசன் வந்தார். சனிக்கிழமைகளில் பெட்டிக்கு எண்ணெய் விடுகிறேன் என்று அவர் வருவது அவளுக்குத் தெரியும். எண்ணெய் விட்டுவிட்டு, சரியாக ஓடுகிறதா பார்க்கிறேன் என்று ஒரு பாடம் முழுக்கக் கேட்பார். ஒளி விலகலும் மிதத்தலும் அவருக்கு எதற்கு?

அவள் சிலேட்டில் எழுதியதை அவர் இரண்டு தடவை படித்தார்.

"முடியாது பாக்கியம்."

'பிள்ளைகள் பேச வேண்டும்.'

"பேசட்டும். உன் முன்னால பேசட்டும். இதுல எதுக்குப் பேசணும்?"

'என் முன்னால் பேசமாட்டார்கள். நான் அப்படிப் பழக்கியிருக்கிறேன்.'

"உன் சத்தம் வேற எங்கயும் இல்லட்டி. நம்ம கல்யாணத்துல கூட போட்டோதான் எடுத்தாங்க."

அவள் அழுத்தி எழுதினாள். 'அதில் இருப்பது பாடம்.'

"உனக்குப் பாடம்" என்றார் தேவதாசன். "எனக்கு?"

அவள் பலப்பத்தை எடுத்தாள். எழுதாமல் வைத்துவிட்டாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பெட்டியின் மேல் படிந்திருந்த தூசியை அவர் மறு கையால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். கடைசியில், "பிள்ளைகளை வரச் சொல்லு. இந்த ரெண்டு பொத்தானையும் சேத்து அமுக்கணும், அதுகளுக்குத் தெரியாது" என்றார்.

பேச்சித்தாய்தான் முதலில் போனாள். தேவதாசன் பெட்டியை ஓடவிட்டுவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார். இப்படியே மூன்று மத்தியானம், ஆபீஸில் சொல்லிவிட்டு வந்தார். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு, ஞானபாக்கியம் தனியே உட்கார்ந்து கேட்டாள்.

சிலர் புத்தகத்தை அப்படியே ஒப்பித்தார்கள். சிலர், "டீச்சர், நீங்க இத கேக்கீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். ஒருத்தி ரேடியோவுக்கு வந்தவள்போல் கனைத்துக்கொண்டு, "வணக்கம் நேயர்களே" என்றாள். ஆனால் நாலைந்து பேர் ஒரே விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள்: எடை தண்ணீரில் உப்புப்போலக் கரைந்துவிடுகிறது, வெளியே எடுத்தால் காய்ந்து மறுபடியும் வந்துவிடும். பேச்சித்தாய் வேறு மாதிரி சொன்னாள்.

"தத்துவமெல்லாம் தெரியாது டீச்சர். எங்க கிணத்துல தண்ணி இறைக்கையில, தோண்டி உள்ள முங்கி இருக்கும்போது கயிறு லேசா இருக்கும். மேல வந்ததும் கை கனத்துரும். தண்ணிக்குள்ள இருக்கையில தண்ணியும் கீழ இருந்து ஒரு கை குடுக்கும்போல. மார்க்கு இதுக்குப் போடமாட்டீங்க."

ஞானபாக்கியம் அந்த இடத்தைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டாள்.

ஆவுடையம்மாளின் முறையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நாற்காலி நகரும் சத்தம். அதோடு பிள்ளைகள் முடிந்தார்கள். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. திடீரென்று, கரகரத்த குரலில், "போன வகுப்பில் நாம் பார்த்தது..." என்று நாடாவில் ஞானபாக்கியமே பேசினாள். பிள்ளைகள் கொஞ்சமாகத்தான் பேசியிருந்தார்கள். நாடாவின் கால்வாசியில் அவள் இன்னும் இருந்தாள்.

அவளைக் கூட்டிப்போக வந்து கதவருகே நின்றிருந்த தேவதாசன் உள்ளே வந்து உட்கார்ந்தார். இருவரும் முடியும்வரை கேட்டார்கள்.

மறுநாள் வகுப்பு பள்ளிக் கிணற்றடியில் நடந்தது. தோண்டியைக் கட்டி இறக்கி, ஒவ்வொரு பெண்ணையும் கயிற்றைப் பிடித்துப் பார்க்கச் செய்தாள். தண்ணீருக்குள் ஒரு தடவை, வெளியே ஒரு தடவை. உப்பாகக் கரைகிறது என்று சொன்னவர்களில் ஒருத்தியை, "இப்போது கரைந்ததா?" என்று சிலேட்டில் கேட்டாள். அந்தப் பெண் யோசித்துவிட்டு, "இல்ல டீச்சர், தாங்குது" என்றாள். தனியாகச் சொன்னாள். அருகில் இருந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள். யாரும் திட்டு வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை தாளாளர் வந்து பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவரே நடு பெஞ்சிலிருந்து ஒருத்தியை எழுப்பினார். "ஏம்மா, எருமை குளத்துக்குள்ள மிதக்குது. எப்படி?"

அவள் முதலில் தப்பாகச் சொன்னாள். நிறுத்தினாள். "இல்ல சார், இருங்க" என்று தாளாளரையே காக்கவைத்துவிட்டு, சரியாகச் சொன்னாள். கடைசி பெஞ்சைத் திட்டவில்லை.

வெளியே வந்த தேவசுந்தரம் ஞானபாக்கியத்திடம், "பொதுப்பரீட்சை வரைக்கும் நீங்களே பாருங்க. அதுக்கு மேல எனக்கு வாக்குச் சொல்லத் தெரியல" என்றார். அவளுக்கு அது போதும்.

தை பிறந்தது. மின்சாரம், ஒளி, அமிலம் என்று பாடங்கள் ஓடின. ஒவ்வொரு பாடத்துக்கும் நாடாவை முதலுக்குச் சுற்றிவிட்டு, பிள்ளைகள் பெட்டிமுன் போனார்கள். கூச்சம் தெளியத் தெளியப் பேச்சு நீண்டது. கேள்வி கேட்டார்கள், சண்டை போட்டார்கள், "நேத்து நான் சொன்னது தப்பு டீச்சர்" என்றார்கள். அவர்கள் பேச்சு நீள நீள, நாடாவின் கடைசியில் இருந்த அவள் குரல் குறைந்துகொண்டே வந்தது. முதலில் இரண்டு பாடம் போனது. பிறகு ஒன்று. பிறகு கேட்டால் நாலைந்து வாக்கியம். ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள் முடித்தபின், தேவதாசன் சக்கரத்தில் எவ்வளவு நாடா மீதி என்று விரலை வைத்துப் பார்ப்பார்.

மாசியில் ஒரு மத்தியானம் கடைசியாக ஆவுடையம்மாள் உள்ளே போனாள். இதுவரை பெட்டிமுன்னும் இரண்டு வரிக்கு மேல் பேசாதவள். கணவனும் மனைவியும் வெளியே சன்னலோரம் நின்றார்கள்.

மெதுவாகத் தொடங்கினாள். லென்ஸ் பற்றி. அவள் அப்பாவின் கண்ணாடியை வெயிலில் காட்டித் துணியைப் பொசுக்கிய கதையோடு. கையை ஆட்டிப் பேசினாள். தரையில் விரலால் கோடு போட்டாள். "இங்கன இருந்து இங்கன வருது டீச்சர்" என்று, எதிரே டீச்சர் இருப்பதுபோலவே கையால் காட்டினாள். நிறுத்தவே இல்லை.

சக்கரத்தில் நாடா மெலிந்துகொண்டு வந்தது. அந்தக் கடைசிச் சுற்றுகளில் என்ன இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும்.

தேவதாசன் கதவுப் பக்கம் ஓர் அடி வைத்தார். உள்ளே போய், 'போதும் மக்கா, மீதியை நாளைக்குச் சொல்லு' என்றால் முடிந்தது. அந்தப் பெண் தப்பாக நினைக்கமாட்டாள். ஞானபாக்கியம் அவரைத் தடுக்கவில்லை. சிலேட்டு அவள் இடுப்பில்தான் இருந்தது; எடுக்கவில்லை.

அவர் கதவில் கையை வைத்தபடியே நின்றார். உள்ளே ஆவுடையம்மாள், "இன்னும் ஒண்ணு இருக்கு டீச்சர்" என்றாள்.

தேவதாசன் கையை எடுத்துவிட்டுச் சன்னலுக்குத் திரும்பி வந்து மனைவியின் பக்கத்தில் நின்றார். நாடா முழுவதும் மறு சக்கரத்துக்குப் போய், நுனி விடுபட்டு, பட் பட்டென்று அடித்துக்கொண்டு சுற்றியது. ஆவுடையம்மாள் அதைக் கவனிக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தாள்.