இடது இறக்கை முதலில் வந்தது

டூயேன் குசேராவின் விமானம் வயோமிங்குக்குள் நுழைந்து நாற்பது நிமிடம் ஆனபோது, அதன் இடது இறக்கை மட்டும் நெப்ராஸ்காவில் இருக்கும் அவன் வீட்டுக் கொட்டகைக்குத் திரும்பி வந்துவிட்டது. காலை பத்தே கால். அவன் மனைவி லெடா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். இறக்கை தன் பழைய தாங்கிகளின் மேல் தானாகப் படுத்துக்கொண்டது. அவள் தொட்டுப் பார்த்தாள். ஒன்பதாயிரம் அடி உயரத்துக் குளிர் அதில் இன்னும் இருந்தது. மீதி விமானம் டூயேனையும் அவன் கூட்டாளி ராய்ஸையும் சுமந்துகொண்டு மேற்கே போனது. நேராகத்தான் போனது, அதைக் குறை சொல்லக் கூடாது.

அந்த விமானத்தை டூயேனும் லெடாவும் பதினோரு குளிர்காலம் அந்தக் கொட்டகையில் கட்டினார்கள். தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணி அடிப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் வெளியே நின்று அடித்தால், இன்னொருவர் இறக்கைக்குள் கையை விட்டு இரும்புக் கட்டையை முட்டுக்கொடுக்க வேண்டும். உள்ளே போனது எப்போதும் லெடாவின் கை. டூயேனுக்கு முதுகு பிடித்துக்கொண்ட வருஷங்களில் வெளியிலும் அவளே அடித்தாள், உள்ளே பிடிக்க ஊர்க்காரர்களான எங்களில் யாராவது போனோம். வாலும் அவள் வேலை, எஞ்சினைப் பூட்டியதும் அவள். விமானம் ஓட்டும் உரிமத்தை அவனைவிட இரண்டு வருஷம் முன்பே வாங்கியவளும் அவள்தான். இவ்வளவும் ஊருக்கே தெரியும். ஆனால் விமானச் சோதனை அதிகாரி வந்து யார் கட்டியது என்று கேட்டபோது, டூயேன் கூசாமல் தன் பேரை மட்டும் சொன்னான். லெடா இரண்டடி தள்ளி அதிகாரிக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். பசிபிக் கடல் வரை போகும் பயணத்துக்கு முன்னால், எடைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று அவளைத் தராசில் ஏற்றினான், நாங்கள் ஒன்பது ஆண்கள் பார்க்க. நூற்று அறுபத்தொரு பவுண்டு. இந்த எடையோடு விமானம் மலை தாண்டாது என்றான். அவள் இருக்கையில் இருநூற்றுப் பத்து பவுண்டு ராய்ஸை உட்கார வைத்துக் கிளம்பினான். நாங்களும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நின்றோம். அந்த வெட்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீட்டில் கட்டிய விமானம் எந்தச் சிறு தளத்தில் இறங்கினாலும் அங்கிருப்பவர்கள் சூழ்ந்துகொண்டு முதலில் கேட்பது ஒன்றுதான்: யார் கட்டியது? பெட்ரோல் போடும் முன் அதற்குப் பதில் சொல்வது மரியாதை. டூயேன் ஒவ்வொரு தளத்திலும் நெஞ்சை நிமிர்த்தி "நானே, தனி ஆளா" என்றான். சொல்லிவிட்டு மேலே ஏறியதும் லெடா செய்த பாகம் ஒன்று கழன்று வீடு திரும்பியது. முதல் தளத்தில் சொன்னான், இடது இறக்கை போனது. வயோமிங்கில் காஸ்பர் தளத்தில் சொன்னான், வால் போனது. அடுத்த தளத்தில் பெட்ரோல் போட்ட கிழவர் சுற்றி வந்து பார்த்தார்.

"ஒரு இறக்கை கொறையுதேப்பா."

"இன்னொண்ணு இருக்குல்ல" என்றான் டூயேன்.

ஐடஹோவில் அந்த இன்னொன்றும் போனது. ராய்ஸுக்குப் பொறுக்கவில்லை. "அவ பேரச் சொல்லித் தொலையேன்டா, உன் வாய்லேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?" என்று கேட்டுவிட்டு, அங்கேயே இறங்கிப் பேருந்து பிடித்தான். டூயேன் மேற்கொண்டு போனான், வழித் தளங்களில் அதே பதிலைச் சொல்லி விமானத்தின் உடற்கூட்டையும் இழந்தான். ஆரிகன் கடற்கரைத் தளத்தில் எஞ்சினும் ஒரு இருக்கையும் மட்டுமாக இறங்கினான். அங்கேயும் கேட்டார்கள். அதே பதில். எஞ்சின் அவன் கண்முன்னே எழும்பிக் கிழக்கே திரும்பியது, இருக்கை அதன் பின்னால் போனது.

அன்று சாயங்காலம் லெடாவைத் தொலைபேசியில் கூப்பிட்டான். நான் கொட்டகையில்தான் இருந்தேன்.

"நாம ரெண்டு பேரும்தானே கட்டினோம், லெடா" என்றானாம்.

"அத அங்க நிக்கிறவங்ககிட்ட சொல்லு."

"இப்ப போய் எப்படிச் சொல்றது? சிரிப்பாங்க."

"அப்போ நடந்தே வா" என்று வைத்துவிட்டாள். அவ்வளவு நிதானமான கோபத்தை நான் பார்த்ததில்லை.

ஆறாம் நாள் டூயேன் பேருந்தில் வந்து சேர்ந்தபோது விமானம் முழுசாகப் பூட்டி வெளியே நின்றது. மன்னிப்புக் கேட்பான் என்று எதிர்பார்த்தோம். காற்று எப்படி என்று கேட்டான், பாவி. லெடா விமானத்தில் ஏறி, கிழக்கே அட்லாண்டிக் பக்கமாகப் போனாள்.

சனிக்கிழமை அவன் வீட்டுச் சமையலறை அவள் போன திசையில் கிளம்பியது. அதற்கு ஓடு பதித்தவள் அவள். ஞாயிறன்று அவள் செய்த மாடிப்படியும், அவள் நட்ட பதினேழு ஆப்பிள் மரங்களும் வரிசையாகச் சாலையில் இறங்கின. தேவாலயம் முடிந்து வந்துகொண்டிருந்த நாங்கள் வண்டிகளை ஓரங்கட்டி வழிவிட்டோம்.