உப்புப் பார்த்த நாக்கு

...விழுங்கினேனா இல்லையா, அதுதான் நினைவில் இல்லை. கரண்டியைத் தூக்கினது தெரியும், ஊதினது தெரியும், நாக்கில் பட்டதும் சீரகம் கொஞ்சம் தூக்கல், உப்பு சரி என்று நினைத்ததுகூடத் தெரியும், அதற்குப் பிறகு துப்பினேனா, தொண்டைக்குள் போயிற்றா... சே, என்ன புத்தி இது, நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, ஞானஸ்நானத்துக்கு ஆற்றுக்குக் கிளம்புகிற நேரத்திலா இப்படி? சிறுபிள்ளையிலிருந்து அடுப்படியில் கிடந்த அடிமையின் கை, அது எந்த விரதத்தைக் கண்டது, தானாக எழும்பி வாய்க்குப் போய்விட்டது. எஜமானி வயிற்று வலியில் சுருண்டு கிடக்கிறாளே, நான் திரும்பி வருவதற்குள் நாலு வாய் வாற்கோதுமைக் கஞ்சியாவது உள்ளே போகட்டும் என்றுதான் அடுப்பை மூட்டினேன், மூட்டாமலே வந்திருக்கலாம், யார் கேட்டார்கள்? அவளா கேட்டாள்? "ஏ சோசிமே, உன் சாமியா உனக்குச் சோறு போடுது, நான் போடுறேன்டி" என்று போன வாரம்கூடக் குத்திக் காட்டினவள்தானே. அவளுக்குப் போய்ப் பரிதாபப்பட்டேன் பார், எனக்கு வேண்டும்.

பக்கத்தில் டோம்னா வருகிறாள், சாயக்காரர் மனைவி, இன்றைக்கு அவளுக்கும் முழுக்கு, வீதி இறக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டே வாய் ஓயாமல் பேசுகிறாள். "எச்சில்கூட முழுங்கலடி நான், வழியெல்லாம் துப்பிக்கிட்டே வர்றேன், பாத்தியா? காலையில என் நாத்தனா வந்து வாசல்ல நின்னு அழுதா, ஏதோ பிள்ளைக்கு முடியலையாம். கதவையே திறக்கலியே. விரதத்துல இருக்கிறவ அவ மூஞ்சியிலயா முழிக்கிறது?" நான் ம்ம் என்றேன். வேறென்ன சொல்ல, என் வயிற்றெரிச்சல் எனக்கு. விரதம் முறிந்தவர்களுக்கு முழுக்குக் கிடையாது, அடுத்த வருஷப் பாஸ்காப் பண்டிகை வரைக்கும் காத்திருக்க வேண்டும் என்று மூப்பர் பர்லாகா எல்லார் முன்னாலும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த பாஸ்காவுக்கு நான் அந்தியோக்கியாவில் ஏது? எஜமானை யூப்ரத்தீஸ் கரைக் கோட்டைக்கு மாற்றிவிட்டார்கள், வீட்டோடு என்னையும் மூட்டை கட்டிவிடுவார்கள், அங்கே நம் ஆட்கள் ஒருவர்கூடக் கிடையாது, செத்தால் ஜெபம் சொல்லக்கூட நாதியில்லை. ஹெலிகே இப்படித்தான் போனாள், என்னோடு துணி துவைத்தவள், முழுக்கு முறை வருவதற்குள் காய்ச்சலில் போய்விட்டாள். குழிமேட்டில் நின்று இதே மூப்பர்தான் சொன்னார், "அவ மனசு முழுசா இருந்துச்சு, கர்த்தர் பாக்குறது அதைத்தான், அழாதீங்க" என்று. மனசு போதும் என்றால் எனக்கு எதற்கு ஐயா பட்டினி? போதாது என்றால் ஹெலிகே இப்போது எங்கே இருக்கிறாள்? கேட்க வேண்டும் போல இருக்கிறது, எங்கே கேட்பது... கர்த்தரே, நீரே சொல்லும், நான் வேண்டுமென்றா செய்தேன், ஒரு கரண்டி, அதுவும் நுனிக் கரண்டி, அதற்காக என்னை விட்டுவிடுவீரா, விடமாட்டீரே, வீதி முனையிலிருந்து இதையேதான் அவரிடம் புலம்பிக்கொண்டு வருகிறேன்.

ஆறு வந்துவிட்டது. தலையை அவிழ்க்கச் சொன்னார்கள், நகைகளைக் கழற்றச் சொன்னார்கள், கழற்ற எனக்கு என்ன இருக்கிறது, டோம்னா மட்டும் வளையல்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள். மூப்பர் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒவ்வொருவரையாகக் கேட்கிறார், விதவைகளை மதித்தாயா, நோயாளிகளைப் பார்த்தாயா, விரதம் இருந்தாயா. டோம்னா ஊருக்கே கேட்கிற மாதிரி, "இருந்தேன் ஐயா, எச்சில்கூட முழுங்கலை" என்றாள், இறங்கினாள், முழுகினாள், எழுந்தாள், அவ்வளவுதான், முடிந்தது. அடுத்து நான். தண்ணீர் கணுக்காலில் சுரீரென்று குத்துகிறது.

"நோயாளிகளைப் பாத்தியா, தாயி?"

"பாத்தேன் ஐயா." சீரகம் மறுபடி நாக்குக்கு வருகிறது.

"விரதம் இருந்தியா?"

ஆம் என்றால் போதும், ஒரு சொல், யாருக்குத் தெரியப் போகிறது? யாருக்குமா? கரண்டி நாக்கில் பட்டபோதே கர்த்தருக்குத் தெரியுமே, வழியெல்லாம் அவரிடம்தானே வாயாடிக்கொண்டு வந்தேன், அவரிடம் மறைக்க என்ன மிச்சம் இருக்கிறது, அப்படியென்றால் நான் பயந்து சாவது இந்தக் கிழவருக்கும் டோம்னாவுக்குமா?

"ஐயா, காலையில கஞ்சிக்கு உப்புப் பாத்துட்டேன்."

"அடிப் பாவி!" என்று கரையிலிருந்து டோம்னா கத்தினாள், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட.

என்னைத் தாங்க நீட்டிய மூப்பரின் கை அப்படியே நின்றுவிட்டது. "யாருக்குக் கஞ்சி?" என்றார்.

"எஜமானிக்கு. ரெண்டு நாளா படுத்த படுக்கைங்க."

மூப்பர் என்னைப் பார்க்கிறார், கரையில் வளையல்களைத் திரும்பப் பூட்டுகிற டோம்னாவைப் பார்க்கிறார், பிறகு தண்ணீரைப் பார்க்கிறார், என்ன சொல்லப் போகிறாரோ, வா என்பாரா, போ என்பாரா. வேடிக்கையைப் பார், காலையிலிருந்து நெஞ்சை அடைத்த கல் இறங்கிவிட்டது, பயம் இருந்த இடமே தெரியவில்லை, இவர் இன்னும் என்னைத் தொடக்கூட இல்லையே. பிறகு இந்தத் தண்ணீரிடம் நான் கேட்க வந்தது என்ன... திரும்பிப் போய்விடலாமே, கஞ்சி ஆறியிருக்கும், எடுத்துச் சூடு பண்ணி ஊட்டலாமே. ஆனால் கால் கரை ஏற மாட்டேன் என்கிறது. அவர் கை இன்னும் பாதி நீட்டினபடியே இருக்கிறது, நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், வேண்டும், அப்படியும் இந்த முழுக்கு எனக்கு வேண்டும்.