ஊசி தாண்டாத இடம்

கருமத்தம்பட்டியில் தறி ஓட்டியே என் காது பாதி போய்விட்டது. எழுத்து மட்டும் தலை நரைத்த பிறகு வந்தது. இப்போது பஸ் போர்டு, பைபிள் எல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவேன்.

அந்தத் தைரியத்தில்தான் தனியாகப் பஸ் ஏறி, ஆர்.எஸ்.புரத்தில் சுந்தரராஜுலுவின் பழைய ரெக்கார்டு கடைக்குப் போனேன். என் மகன் ஜெஃபின் துபாய் போகுமுன் தன் ரெக்கார்டுகளை அங்கே விற்றிருந்தான். அவற்றில் மெட்டு, தாளம் எதுவும் கிடையாது. வெறும் சத்தத்தையே இசை என்பார்கள். எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் போட்டவை. ஒன்று மட்டும் அவனே போட்டது, எங்கள் தறிச் சத்தம். நடுவில் அவன் அம்மா விமலாராணியின் குரல் இருக்கிறதாம். அவளை அடக்கம் செய்த பிறகுதான் போனில் சொன்னான். வேறு எதிலும் அவள் குரல் இல்லை.

"ரெக்கார்டு பேரச் சொல்லுங்ணா, எடுத்துத் தாரேன்" என்றார் சுந்தரராஜுலு.

"பேரில்லீங்க. பேரு போட்டா பேரத்தான் பாப்பாங்களாம், சத்தத்தக் கேக்க மாட்டாங்களாம்."

சிரித்துக்கொண்டே ஒரு பெட்டியை இழுத்தார். அத்தனையும் வெள்ளை லேபிள். நான் கற்ற எழுத்துக்கு அங்கே வேலையில்லை.

ஒவ்வொன்றையும் டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்த்து, ஓடவிட்டு, தரத்தை ஸ்டிக்கரில் எழுதினார். "சினிமாப் பாட்டுன்னா கீறல் தனியாத் தெரியும். இதுல எது கீறல், எது பாட்டுன்னு அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். இதுங்களா பாருங்க?"

"தெரியலீங்க."

"இது?"

"அதுவும் தறியாட்டத்தானுங்க இருக்குது."

எல்லாமே எனக்குத் தறியாகத்தான் கேட்டது.

அடுத்ததைப் போட்டதும் முகம் சுளித்தார். "இது கழிசல். ஊசி ஒரே எடத்துல சுத்துது." பிறகு சிரித்தார். "யாரோ ஒரு அம்மணி 'ஏனுங்... ஏனுங்...'னு புருசனக் கூப்பிட்டுட்டே இருக்குது. அந்த மகராசன் வந்த பாட்டக் காணோம்."

தறிக்கொட்டகையில் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். கிட்டே வந்து தோளைத் தொட்டால்தான் எனக்குத் தெரியும்.

ஸ்பீக்கரில் காதை வைத்து அழுத்தினேன். தறிதான் ஓடியது.

"அப்புறம் என்ன சொல்லுதுங்க?"

என் முகத்தைப் பார்த்து அவர் சிரிப்பை நிறுத்தினார். ரெக்கார்டைத் துடைத்தார். ஊசியைக் கொஞ்சம் தள்ளி வைத்தார், இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"தாண்டுனா வெறும் தறிதானுங்ணா. கீறல் ஆழமா உழுந்திருக்குது. என்னத்துக்குக் கூப்பிட்டாங்கங்கறது இனி வராது."

"அந்த எடத்துலயே வைங்க."

வைத்தார். நான் ஸ்பீக்கர் மேல் கையை வைத்துக்கொண்டேன். அது அதிர்ந்தது.

"கூப்பிடுதுங்களா?"

"கூப்பிட்டுட்டேதானுங்ணா இருக்காங்க."