மனசு நிறையச் சாப்பிடுங்கள்

மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி எழுதித் தரச் சொல்லி தின்பண்டக் கம்பெனி விபுல்பாய் காலையிலிருந்து போனில் மூன்று தரம் கூப்பிட்டுவிட்டார்.

"என்ன பிஜல்பென், இன்னும் வரலையே? சாயங்காலம் பிரார்த்தனை முடிஞ்சு எல்லாரும் போனைக் கையில எடுக்கிற நேரத்துக்கு நம்ம செய்தி அங்க போய் நிக்கணும். பதினோராயிரம் வாடிக்கைக்காரங்க!"

"எதுக்காக மன்னிப்புன்னு ஏதாவது எழுதணுமா விபுல்பாய்?"

"ஐயோ, வம்பை விலைக்கு வாங்காதீங்க. 'தெரிஞ்சோ தெரியாமலோ'ன்னு பொதுவாப் போடுங்க. எல்லாம் அதுக்குள்ள அடங்கிடும். கீழ மறக்காம ஒரு வரி. நாளைக்கு நோன்பு முடிக்கிறவங்க பத்து பாக்கெட் வாங்கினா ஒண்ணு இலவசம்."

ஆமதாபாத்தில் பால்டிப் பக்கம் சமணர் வீடுகள் அதிகம். பர்யுஷண் நோன்பின் எட்டாவது நாள் அங்கே எல்லோரும் எல்லோரிடமும் கைகூப்பி 'மிச்சாமி துக்கடம்' சொல்வார்கள். நான் செய்த பிழை பலனற்றுப் போகட்டும் என்று பொருள். மாமியார் மருமகளிடம் சொல்வாள், மருமகளும் மாமியாரிடம் சொல்வாள். மறுநாள் காலையில் அதே குழாயடியில் அதே சண்டை தொடரும். யாரும் எந்தப் பிழை என்று கேட்பதில்லை. கேட்டால் அது பெரிய மரியாதைக்குறைவு.

பிஜலும் இத்தனை வருடமாகக் கேட்டதில்லை. அவளுக்கு முப்பத்தெட்டு வயது. தின்பண்டப் பாக்கெட்டுகளுக்கு வாசகம் எழுதி, படம் அமைத்துக் கொடுப்பது தொழில். 'மனத்தால், சொல்லால், செயலால், தெரிந்தோ தெரியாமலோ' என்று தட்டியவள் அதற்கு மேல் விரல் நகராமல் உட்கார்ந்திருந்தாள். அவள் உட்கார்ந்திருந்தது தருலதா மாஸியின் வீட்டில். எதிரே இருந்த ஃபிரிட்ஜ் கதவில், பாக்கெட்டிலிருந்து வெட்டி எடுத்த ஒரு துண்டு ஒட்டியிருந்தது. 'மேரு டயாபெடிக் காக்ரா. மனசு நிறையச் சாப்பிடுங்கள்.' அந்த வாசகம் அவள் எழுதியது.

மூன்று வருடத்துக்கு முன்னால் விபுல்பாய் தன் தொழிற்கூடத்தில் ஒரு காகிதத்தை அவளிடம் நீட்டினார். மைதா அறுபத்திரண்டு பங்கு, கோதுமை முப்பது, கம்பும் வெந்தயமும் சேர்த்து நாலு, எண்ணெயும் உப்பும் மீதி. "நாம சர்க்கரையே போடலையே? அப்போ இது சர்க்கரைக்காரங்களுக்குத்தானே?" என்றார். அப்பளம் மாதிரி மொறுமொறுப்பாகச் சுடுகிற காக்ரா ரொட்டியில் எந்தக் காலத்தில் எவன் சர்க்கரை போட்டான்? பிஜலுக்கும் அது தெரியும். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாள்.

நாலு பங்குக் கம்புக்காக முன்பக்கம் முழுக்கக் கம்பங்கதிர் வரைந்தாள். வெந்தயக் கீரையைப் பனித்துளியோடு போட்டாள். அந்த வாசகம் ஒரு டீ ஆறுவதற்குள் வந்துவிட்டது. பொருள்பட்டியலைத்தான் எங்கே வைப்பது என்று யோசித்தாள். பாக்கெட்டின் முதுகில் மேலிருந்து கீழாக ஓர் ஒட்டு மடிப்பு ஓடும் இல்லையா, பட்டியலின் முதல் வரி சரியாக அந்த மடிப்புக்குள் போய் விழும்படி எறும்பு எழுத்தில் அமைத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. விபுல்பாய் மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மைதா எங்கே?" என்றார். "மடிப்புக்குள்ள" என்றாள் பிஜல். அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அன்றைக்கு அவளுக்கு வெட்கம் வரவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

முதல் பாக்கெட்டை மாஸிக்குத்தான் கொண்டுவந்தாள். மாஸி அவளுடைய அம்மாவின் அக்கா. பிஜலுக்குப் பன்னிரண்டு வயதில் அம்மா போனபோது, கல்யாணமே செய்துகொள்ளாத கணக்கு டீச்சரான தருலதாதான் அவளைக் கூட்டிவந்து இந்த இரண்டாம் மாடி வீட்டில் வளர்த்தாள். மாஸிக்கு இருபது வருடமாகச் சர்க்கரை.

"பேட்டா, இது எனக்கு ஆகுமா?" என்று கேட்டாள் மாஸி.

"போட்டிருக்கே மாஸி" என்றாள் பிஜல். ஆகும் என்று அவள் வாயால் சொல்லவில்லை. அந்தச் சின்னக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இப்போது அவளுக்கு வாயைக் கழுவ வேண்டும்போல் இருக்கிறது.

மாஸி அச்சில் வந்ததை நம்புகிறவள். சோற்றை நிறுத்தினாள். மாம்பழ ரசத்தை நிறுத்தினாள். பசித்தபோதெல்லாம் காக்ரா, நாளைக்கு எட்டு. ஏழும் இல்லை, ஒன்பதும் இல்லை. பர்யுஷண் நாட்களில் பச்சைக் காய்கறி தொடக்கூடாது என்பதால் எட்டு பன்னிரண்டாகும். "எங்க பிஜல் எழுதினது" என்று கட்டடம் முழுக்கச் சொல்லிக்கொண்டும் திரிந்தாள்.

போன ஆனி மாதம் மாஸியின் இடது கால் சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள்.

அதற்கு முதல் நாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், "என்னம்மா சாப்பிடறீங்க?"

"ஒண்ணுமே சாப்பிடறதில்ல டாக்டர். காக்ராதான். அதுவும் சுகர்காரங்களுக்குன்னே செய்யறது."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. ஒளிச்சு வச்சுத் திங்கறதை யார் சொல்றா?" என்று அவர் சிடுசிடுத்தார். நாற்பது வருடம் பிள்ளைகளைத் தலைகுனிய வைத்த டீச்சர் தலைகுனிந்துகொண்டாள். பக்கத்தில் ஃபைலைக் கட்டிக்கொண்டு நின்ற பிஜல் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வார்த்தை போதும். 'அது மைதா.' அவளால் முடியவில்லை. அன்றிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து காலுக்கு மருந்து வைத்துக் கட்டுகிறாள். பார்க்கிறவர்கள் பெற்ற மகள்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்கிறார்கள். அது காதில் விழும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசும்.

மாஸி சாப்பிட்டு முடித்துத் தட்டை ஓரமாக வைத்தாள். தட்டில் காக்ராப் பொடியைக்கூட மிச்சம் வைக்கவில்லை. பிஜல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கீழே உட்கார்ந்து கட்டைப் பிரித்தாள். பழைய புண் ஆறியிருந்தது. ஆனால் பக்கத்து விரலின் நக ஓரத்தில் மைக்கறை மாதிரி கறுப்பு.

"மாஸி, இது எப்போ வந்துச்சு?"

"செருப்பு கடிச்சிருக்கும்."

"வீட்டுக்குள்ள ஏது செருப்பு?"

மாஸி காலை இழுத்துக்கொண்டாள். பிறகு, "கையைக் கழுவிட்டு வந்து எதிர்ல உட்காரு. சாயங்காலம் வரைக்கும் வச்சுக்க முடியல. இப்பவே கேட்டுடறேன்" என்றாள்.

பிஜல் வந்து உட்கார்ந்தாள். மாஸி இரண்டு கையையும் கூப்பினாள்.

"தை மாசம் மேல்வீட்டு இந்துமதி பையன் கல்யாணத்துக்குப் போனோமில்ல? மோகன்தால் இனிப்பு வச்சாங்க. நீ பக்கத்துல இருந்தே, வேண்டாம்னு கையை ஆட்டினேன். அப்புறமா ஒரு துண்டைக் காகிதத்துல சுத்திக் கொண்டுவந்து, பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டுத் தின்னேன் பேட்டா. நெய் கையில ஒட்டினதை சோப்புப் போட்டுக் கழுவினேன். நீ கேட்டப்போ இல்லவே இல்லைன்னு சாதிச்சேன்."

"மாஸி..."

"இரு, முடிக்கறேன். டாக்டர் சொன்னது என்னைத்தான். அந்த ஒரு துண்டு என் விரலைத் தின்னுடுச்சு. இப்போ அடுத்ததையும் கேக்குது. நீ எனக்காக எழுதி, எனக்காகக் கொண்டுவந்து கொடுத்து, இந்த அழுக்குக் காலைத் தொட்டுக் கட்டறே. நான் திருட்டுத்தனமா இனிப்பு தின்னு எல்லாத்தையும் பாழாக்கிட்டேன். மிச்சாமி துக்கடம்."

ஒரு துண்டு இனிப்பு. ஏழு மாதமாக அதைக் கொலைப்பழி மாதிரி சுமந்துகொண்டு இந்த மனுஷி மருந்து குடித்திருக்கிறாள், விரலை வெட்டக் கொடுத்திருக்கிறாள். இப்போது பிஜல் கைகூப்பி 'மிச்சாமி துக்கடம் மாஸி' என்று பதில் சொன்னால் போதும். ஊர்வழக்கம் அதுதான். எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். அந்தக் கறுப்பு விரலும் அடங்கிவிடும்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். ஒரு பாக்கெட்டும் கத்தரிக்கோலும் கொண்டுவந்தாள். பின்பக்க ஒட்டு மடிப்பை மேலிருந்து கீழ்வரை வெட்டினாள். காக்ராக்கள் மாஸியின் மடியில் சரிந்தன. உறையை மேசையில் விரித்துத் தடவிவிட்டு, "படிங்க மாஸி" என்றாள்.

மாஸி கண்ணாடியைப் போட்டு, உருப்பெருக்கியையும் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் நோட்டைத் திருத்துவதுபோல் எழுத்தெழுத்தாகப் படித்தாள். "மைதா... அறுபத்திரண்டு." மறுபடி படித்தாள்.

"இது மடிப்புக்குள்ள எப்படிப் போச்சு?"

"நான்தான் வச்சேன்."

"அச்சுல தப்பாயிடுச்சா?"

"இல்ல மாஸி. யாரும் பார்க்கக்கூடாதுன்னு வச்சேன். விரல் போனது மோகன்தாலால இல்ல. தினமும் எட்டு மைதா ரொட்டி. மனசு நிறையச் சாப்பிடுங்கன்னு நான்தான் சொன்னேன்."

மாஸியின் உதடுகள் அசைந்தன. கணக்குப் போடுகிறாள் என்று பிஜலுக்குத் தெரிந்தது.

"எட்டாயிரத்து எழுநூத்தி அறுபது" என்றாள் மாஸி. "பர்யுஷண் கணக்கைச் சேர்க்காம."

தெருவில் யாரோ யாருக்கோ உரக்க மிச்சாமி துக்கடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார்கள்.

"ஆஸ்பத்திரியில நீ என் பக்கத்துலதானே நின்னே?"

"ஆமா."

"அந்த டாக்டர் என்னைத் திருடி மாதிரி பேசினப்போ?"

"ஆமா மாஸி."

"அப்பவும் உனக்கு இது தெரியும்."

பிஜல் தலையசைத்தாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாஸி அடிக்கவில்லை. மடியில் கிடந்த காக்ராத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேசைமேல் வைத்தாள்.

"மைதா தின்னது போகட்டும். வாய்தானே தின்னுச்சு. ஆனா நான் ஏழு மாசமா கடவுள் முன்னாடி நிமிர்ந்து நிக்கலடி."

பிஜல் அழுதுகொண்டே கைகூப்பினாள். "மிச்சாமி..."

"அதைச் சொல்லாதே!" மாஸியின் குரல் வகுப்பறைக் குரலாக மாறியது. "இப்போ அதைக் கேட்டா நான் பதில் சொல்லியே ஆகணும். என்னால இன்னிக்கு முடியாது."

மாஸி திடுக்கிட்டதுபோல் நிமிர்ந்தாள்.

"இந்துமதி."

"என்ன மாஸி?"

"அவளுக்கும் சுகர். கண் ஆபரேஷனையே தள்ளித் தள்ளிப் போடறாங்க, குறைய மாட்டேங்குதுன்னு. அவளுக்கு நான்தான் சொன்னேன், பயப்படாமத் தின்னு, எங்க பொண்ணு எழுதினதுன்னு. கீழ ரமணிக்பாய்க்கும் நான்தான். என் கம்பை எடு."

"நீங்க மாடிப்படி ஏறக்கூடாது. நான் போய்ச் சொல்றேன்."

"நீ சொல்லுவேன்னு நான் எதை வச்சு நம்பறது?"

பிஜல் கம்பை எடுத்துக் கொடுத்தாள். பதினெட்டுப் படி. ஒவ்வொரு படியிலும் மாஸி முதலில் கம்பை ஊன்றி, பிறகு நல்ல காலை வைத்து, கடைசியில் கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டாள். பிஜல் தோளைக் கொடுக்கப் போனபோது தட்டிவிட்டாள். பிஜலின் பையில் போன் அடித்தது, விபுல்பாயாகத்தான் இருக்கும். அவள் எடுக்கவில்லை. நின்று, மறுபடி அடித்தது.

இந்துமதிபென் கதவைத் திறந்தவுடன் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, இரண்டு கையும் கூப்பினாள். "யாரு, தருபெனா! மிச்சாமி துக்கடம், மிச்சாமி துக்கடம்! இந்தக் காலோட ஏறி வந்தீங்களா? ஒரு போன் போட்டிருந்தா நான் வந்திருக்க மாட்டேனா? உள்ள வாங்க. சுகர்காரங்க நமக்கெல்லாம் உபவாசம் ஏது? இருட்டினா சாப்பிடக்கூடாதே, அதுக்குள்ள ரெண்டு வாய் சாப்பிடலாம்னு உட்கார்ந்தேன்."

அவளுக்குப் பின்னால் மேசைமேல் கம்பங்கதிர் போட்ட பாக்கெட் பிரிந்து கிடந்தது. தட்டில் பாதி கடித்த காக்ரா.

"நான் வந்தது வெறும் வழக்கத்துக்கு இல்ல இந்து" என்றாள் மாஸி மூச்சு வாங்கிக்கொண்டே. "என் பங்கு மன்னிப்பை நான் அப்புறம் கேக்கறேன். முதல்ல இவ பேசுவா."

இந்துமதிபென் பிஜலின் கன்னத்தைத் தடவினாள். "இவளா? மாஸியை இப்படித் தாங்கற பொண்ணு எனக்கு என்னத்தைப் பண்ணியிருக்கப் போறா? தெரியாம ஏதாவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பா. அதுக்கு இவ்வளவு தூரமா? விடுங்க, மன்னிச்சாச்சு, மன்னிச்சாச்சு."

மாஸி கம்பில் சாய்ந்து பிஜலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல ஆன்ட்டி" என்றாள் பிஜல். "தெரிஞ்சுதான் பண்ணினேன். அந்தத் தட்டைக் கொஞ்சம் கீழே வைங்க."