தேன் மரத்தடியில் வாய் பிளந்தவன்

மனைவி எசோங்கே வலை வேட்டைக்குப் போனதும் ம்பாலோ மகளை மடியில் போட்டுத் தன் மார்க்காம்பைக் கொடுத்தான். அந்தக் காட்டில் எல்லா அப்பனும் செய்வதுதான். பிள்ளை சும்மா சப்பிவிட்டுத் தூங்கும். அன்றைக்கோ அது மடக் மடக்கென்று விழுங்கியது. குனிந்து பார்த்தான். பால்!

அவனுக்கு முதலில் தேன்தான் நினைவுக்கு வந்தது. விடிந்தால் பருவத்தின் முதல் தேன். மரம் ஏறப்போவது அவன். மரம் ஏறுகிறவனுக்கே முதல் தேனடை. எசோங்கேவுக்கு இது தெரிந்தால், பிள்ளைக்குப் பல் முளைக்கும்வரை அவனைக் குடிசையிலேயே உட்கார வைத்துவிடுவாள். அவசரமாகத் துடைத்துக்கொண்டான். என்ன துடைத்து என்ன? சாயங்காலம் தாய் மார் கொடுத்தபோது பிள்ளை முகத்தைத் திருப்பி ஏப்பம் விட்டது.

"வயிறு முட்ட யாருகிட்ட குடிச்சுது? ஏய் மனுசா, கையை எடு. நெஞ்சைக் காட்டு!"

ஊரே கூடிவிட்டது. அவள் தம்பி டிகோண்டோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நீ பால் குடு மச்சான். நாளைக்கு மரம் நான் ஏறுறேன்."

தடுப்பூசி போட வந்திருந்த நர்ஸ் குளோடின் மட்டும் சிரிக்கவில்லை. "போன தடவை வாந்திக்குக் குடுத்தேனே, அந்த மாத்திரையை இன்னும் திங்கிறியா?"

"ருசியா இருந்துச்சு."

"ஆம்பளை மார்லயும் பால் சுரப்பி இருக்கு, தூங்கிக்கிட்டு. சிலருக்கு இந்த மாத்திரை அதை எழுப்பிவிட்டுடும். நிறுத்து, தானா வத்திடும். வத்தலைன்னாலோ, ரத்தம் வந்தாலோ, கட்டி தட்டுப்பட்டாலோ உடனே வா. வேற யாராவது தின்னாங்களா?"

என்ன கேள்வி இது? அங்கே மான் விழுந்தாலும் மாத்திரை வந்தாலும் பங்கு வைக்காமல் தின்பவன் மனிதனா? டிகோண்டோவின் சிரிப்பு நின்றது. மெல்ல நெஞ்சைத் தடவிப் பார்த்தான். விரல் நனைந்தது.

எசோங்கே தீர்ப்புச் சொன்னாள். "ரெண்டும் ஒழுகுது. நல்லா ஏறுறவன் ஏறட்டும். டிகோண்டோ, நீ கீழே பிள்ளையைப் பாரு."

மறுநாள் ம்பாலோ உச்சிக்கிளையில் தேனீக்களுக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தான். கீழே டிகோண்டோ, மடியில் பிள்ளையோடு, சொட்டும் தேனுக்கு வாயைப் பிளந்து காத்திருந்தான். பிள்ளை வீலென்று அழுதது. அழுகை மேலே எட்டியதும் ம்பாலோவின் நெஞ்சு தானாகச் சுரந்தது. அவன் என்ன செய்வான், ஒரு கை கிளையில், மறு கை புகைக்கட்டில்.

கீழே டிகோண்டோ சப்புக்கொட்டினான்.

"மச்சான், இந்த வருசத் தேன் கொஞ்சம் தண்ணியா இருக்கே!"

"முதல் தேன் அப்படித்தான் இருக்கும்," என்றான் ம்பாலோ. "நல்லா வாயைத் திற."