யாரும் சொல்லாத பத்தி

அந்த மனநல மருத்துவமனை திங்கட்கிழமை ஏழாம் மாடிக்கு இடம் மாறுகிறது. டைப்பிஸ்டுக்கோ லிஃப்ட் என்றாலே குலை நடுங்கும். நாற்பத்தாறு வயது முழங்கால் ஏழு மாடி ஏறாது. வேலையை விட்டுவிடுவது என்று முடிவெடுத்து, அதையும் யாரிடமும் சொல்லாமல் மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டு டாக்டர்கள் குரலில் பதிவுசெய்து தரும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டுவது அவள் வேலை. பெரிய டாக்டரைப் பொறுத்தவரை, நோயாளிக்கு நடந்த சம்பவம்தான் காயம். சின்ன டாக்டரம்மா ஒப்புக்கொள்ள மாட்டார். சம்பவம் பாதிதான், மறுநாள் வீட்டில் எல்லோரும் சேர்ந்து 'ஒன்றும் நடக்கவில்லை' என்கிறார்களே, அதுதான் ஆறவிடாத காயம் என்பார். ஒரே நோயாளிக்கு இருவரும் கீரியும் பாம்புமாகக் குறிப்பு சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் அவள் தட்டிய ஒரு தாளோடு, அவள் மேசையருகே நின்ற சின்ன டாக்டரம்மாவிடம் வந்தார்.

"கடைசிப் பத்தி நான் சொன்னதில்லையே. உங்களோடதா?"

சின்ன டாக்டரம்மா உரக்கப் படித்தார். "'ஏழு வயதில் அலமாரிக்குள் மூன்று மணி நேரம் பூட்டப்பட்டுக் கிடந்தேன். வெளியே வந்ததும் அம்மா, ஒன்றும் நடக்கவில்லை, போய்ச் சாப்பிடு என்றாள்.' என்னோடது இல்ல. ஆனா என் கட்சி!"

"அலமாரி, இருட்டு, மூணு மணி நேரம். இது என் கட்சிங்க!"

டைப்பிஸ்ட் நாற்காலியை விட்டு எழுந்தாள். "சார், அது... நான்தான். எப்ப அடிச்சேன்னே தெரியல."

இருவரும் சண்டையை நிறுத்தினார்கள். பதினோரு வருடத்தில் அப்படி நடந்ததே இல்லை.

"அப்போ கூட யாரும்மா இருந்தாங்க?" என்று டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார்.

"எங்கண்ணன்."

"அவர்கிட்ட இதைப் பத்திப் பேசியிருக்கீங்களா?"

அன்று மாலையே போன் செய்தாள். "அண்ணே, அந்த அலமாரி..." 'அதெல்லாம் ஒண்ணுமில்ல' என்று வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வரவில்லை.

"நான்தாம்மா பூட்டினேன், விளையாட்டுக்கு. சாவி தொலைஞ்சு போச்சு. ஒண்ணும் நடக்கலன்னு சொல்லுடான்னாங்க அம்மா, சொல்லிட்டேன். நீ கத்தினது இன்னும் காதுல இருக்கு. இன்னிக்கு வரைக்கும் பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதில்ல. உங்கண்ணி திட்டாத நாளில்ல."

அவள் அழுதாள். அண்ணி திட்டுவதை நினைத்துச் சிரிப்பும் வந்தது. முப்பத்தொன்பது வருடமாக, தான் பைத்தியமில்லை என்பதற்கு ஒரு சாட்சி இருந்திருக்கிறான்.

திங்கட்கிழமை காலை அண்ணன் துணைக்கு வந்தான். லிஃப்ட் திறந்தது. அவன் முகம் வெளுத்துவிட்டது.

"நீ ஏறும்மா. நான் படியில வந்துடறேன்."

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் உள்ளே ஏறி நின்று கையை நீட்டினாள்.

"வாண்ணே. நான் இருக்கேன்ல."

ஏழாம் மாடியில் கதவு திறந்தபோது எதிரே இரண்டு டாக்டர்களும் காத்திருந்தார்கள். 'யார் கட்சி ஜெயித்தது?' என்ற கேள்வி இருவர் முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது.

"கொஞ்சம் வழி விடுங்க," என்றாள் அவள். "எங்கண்ணனுக்குக் குடிக்கத் தண்ணி வேணும்."