ராணியைத் தூக்கிக் கொடுத்தவள்

எனக்கும் அண்ணனுக்கும் மூன்று மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை. வேறு வேலை தேடிக்கொள்ளாமலே, இருந்த வேலையை விட்டுவிட்டேன். அதற்காக அண்ணன், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னிலையிலும், "இவ செஸ் ஆடற மாதிரியேதான் வாழறா, யோசிக்கவே மாட்டா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். முதலில் அவன் பேசட்டும் என்று நானும், நான் பேசட்டும் என்று அவனும் முறுக்கிக்கொண்டு திரிந்தோம்.

இப்போது மூக்குக் கண்ணாடிக் கடையில் இருக்கிறேன். நாளெல்லாம் லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்தும் வேலை. மயிரிழை பிசகினாலும் லென்ஸ் குப்பைக்குத்தான். என்னைப் பார்த்தா அப்படிச் சொன்னான்? வயிறு எரிந்தது. அதைவிட, அவன் குரலைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அதை வெளியே சொல்வேனா!

ஆன்லைன் செஸ்ஸில் அவன் பெயர் 'ஆமை'; அவ்வளவு யோசித்து ஆடுவான். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் 'புதுமுகம்' என்று கணக்குத் தொடங்கி அவனை ஆட்டத்துக்கு அழைத்தேன். ஆளுக்கு ஐந்து நிமிடம். நான் யாரென்று அவனுக்குத் தெரியாமலே, நிதானமாக ஆடி அவன் மூக்கை உடைக்க வேண்டும்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினேன். சிப்பாய்க்குச் சிப்பாய், குதிரைக்குக் குதிரை. ஒரு சிப்பாய் கூடுதலாகவும் கிடைத்தது. இப்படியே உருட்டினால் போதும், ஜெயம் எனக்குத்தான்.

அப்போது பார்த்து அவன் ராஜாவுக்குப் பக்கத்தில் ஒரு சந்து தெரிந்தது. ராணியைக் கொண்டுபோய்ப் போட்டால் வெட்டுவான். அப்புறம்? யாருக்குத் தெரியும்! கை சும்மா இருந்தால்தானே? போட்டுவிட்டேன்.

அவன் வெட்டவில்லை. அவன் கடிகாரம் மட்டும் ஓடியது. நாற்பது விநாடி பாக்கி. இருபது. "சும்மா கிடைக்கிற ராணிய வெட்ட என்னடா யோசனை!" என்று கத்தினேன். முதலாளியம்மா எட்டிப் பார்த்தார்.

நேரம் முடிந்து தோற்றுப்போனான். அதே நொடியில் திரையில் அவன் செய்தி வந்து விழுந்தது.

"அடிப்பாவி, நீயா? இப்படி ராணிய தூக்கிக் குடுக்க உன்னை விட்டா யாரு இருக்கா? அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. சாரிடி. வேலை ஏதாவது கிடைச்சுதா? சாப்பிட்டியா?"

கண் கலங்கிவிட்டது. உடனே போன் போட்டேன்.

"ஜெயிக்கிற ஆட்டத்தை விட்டுட்டியேண்ணா! வெட்டிட்டு அப்புறம் எழுதக் கூடாதா?"

"யோசிக்கலடி" என்றான்.